பழைய 10 கியர் சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்றலாமா, புதிதாகவே வாங்கலாமா?

உங்கள் கேள்வியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் கிடக்கும் பழைய 10 கியர் ரோடு சைக்கிளை ஃபிக்ஸட் கியராக, அதாவது சக்கரம் சுற்றும்வரை பெடலும் நிற்காமல் சுற்றும் ஃபிக்ஸியாக மாற்றுவதா, புதிதாக ஒன்று வாங்குவதா. 48/16 கியர் (முன்னால் 48 பல், பின்னால் 16) சரியா. வீடியோக்களில் வருவதுபோல் பிரேக் இல்லாமல் ஓட்டலாமா. முட்டி போய்விடும் என்கிறார்களே, உண்மையா. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான் என்று படுகிறது: ஒரு சைக்கிள் ஃபிக்ஸிக்குத் தாங்குமா தாங்காதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

சாதாரண சைக்கிளில் செயினின் மேல்பக்கம் மட்டும்தான் இழுபடும். கால் நின்றால் ஃப்ரீவீல் சும்மா சுற்றும், கீழ்ப்பக்கச் செயின் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபிக்ஸியில் நீங்கள் வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தியதும் கீழ்ப்பக்கச் செயின் விறைத்துக்கொள்ளும், பின் பல்சக்கரம் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பாகம்) கழலும் திசையில் திருகப்படும். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, "பின்னுக்கு அழுத்தினால் இது என்ன ஆகும்?" என்று கேட்டாலே தேர்வின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரேமில் பின்சக்கர அச்சு உட்காரும் காடி. காடி பின்பக்கம் பார்த்துத் திறந்திருந்தால் அது டிராக் சைக்கிள் (பந்தயத் தடத்தில் ஓட்டுவது) ஃப்ரேம். முன்பக்கம் பார்த்துக் கிடைமட்டமாகவோ கொஞ்சம் சரிவாகவோ இருந்தால் பழைய ரோடு ஃப்ரேம், அதுவும் போதும். இரண்டிலும் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை விறைப்பாக்கலாம். காடி நேராகக் கீழே திறந்திருந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அதில் சக்கரத்தை நகர்த்தவே முடியாது. அப்போது சிலர் சிங்கிள்ஸ்பீடுக்கு (ஃப்ரீவீல் உள்ள ஒரே கியர் சைக்கிள்) விற்கும், செயினை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் டென்ஷனரை மாட்டப் பார்ப்பார்கள். மாட்டாதீர்கள். பின்னுக்கு அழுத்திய கணமே விறைக்கும் கீழ்ச்செயின் அதை வளைத்துவிடும், இல்லையென்றால் பிய்த்து ஸ்போக்குக்குள் தள்ளிவிடும். நேர்காடி ஃப்ரேமுக்கு ஒழுங்கான வழிகள் இரண்டு: அச்சு மையம் விலகிய எக்சென்ட்ரிக் ஹப், அல்லது அதே வகைப் பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளைத் தாங்கும் அச்சுப்பாகம்). இரண்டுமே செலவு பிடிக்கும். எந்தப் பல் எண்ணிக்கையாவது தற்செயலாகச் சரியான விறைப்பில் பொருந்துமா என்று தேடுவோரும் உண்டு. பொருந்தினாலும் செயின் தேய்ந்ததும் தொங்க ஆரம்பிக்கும். நகர்த்திச் சரிசெய்ய இடமிருக்காது.

10 கியர் என்றால் முன்னால் 2, பின்னால் 5. அந்தக் காலத்து ஐந்து பல்சக்கர ஃப்ரேம்களில் பின் அகலம் பெரும்பாலும் 120 மி.மீ., டிராக் ஹப்பின் அகலமும் 120 மி.மீ. இந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஆறு, ஏழு பல்சக்கரம் வந்த ஃப்ரேம் என்றால் 126 இருக்கும். இருபுறமும் 3 மி.மீ. வாஷர் வைத்து, அச்சு நீளம் நட்டுக்குப் போதுமா என்று பார்த்துக்கொண்டால் போதும். பின் அகலம் 130 உள்ள ஃப்ரேமில் 120 ஹப்பை வைத்து நட்டால் இறுக்கி ஃப்ரேமை நெருக்கக் கூடாது. இரும்பு ஃப்ரேமை முறைப்படி வளைத்து அகலத்தைக் குறைக்கலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது ஹப். எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான், பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் கைவைப்பதும் இதில்தான். ஃபிக்ஸட் ஹப்பில் இரண்டு படி மரை இருக்கும். உள்படி 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது சுற்று. பல்சக்கரம் இதில் ஏறும். வெளிப்படி கொஞ்சம் சிறியது, இடது சுற்று. பல்சக்கரத்தைப் பூட்டும் வளையமான லாக்ரிங் இதில் ஏறும். பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்த்து லாக்ரிங்கைத் தள்ளும். லாக்ரிங்குக்கோ அந்தத் திசைதான் இறுகும் திசை. கழல நினைப்பதே பூட்டாக மாறும் ஏற்பாடு இது.

பழைய ஃப்ரீவீல் ஹப்பிலும் மரை அதே 1.37, 24 என்பதால் ஃபிக்ஸட் பல்சக்கரம் அழகாக ஏறிவிடும். ஆனால் இடது மரைப் படி அதில் இல்லை. அதன்மேல் பாட்டம் பிராக்கெட்டின் லாக்ரிங்கைத் திருகி, மரைப்பசை தடவி "இனி கழலாது" என்று சொல்லும் வழக்கம் உண்டு. அந்த ரிங்கும் வலது மரைதான். பல்சக்கரம் கழன்றால் அதுவும் கூடவே கழலும். இதற்குத் தற்கொலை ஹப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெயர் மிகையில்லை. பல மாதம் ஒன்றும் ஆகாமல் ஓடும். பிறகு ஒருநாள் அவசரமாகக் காலை அழுத்தும்போது பெடல் வெறுமனே பின்னால் சுற்றும். முன், பின் இரண்டு பிரேக்கும் இருந்தால்கூட நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புது டிராக் ஹப்பில் பின்சக்கரம் கட்டிக்கொள்வதே சரி. அதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரே பல்சக்கரம் என்பதால் ரிம் ஹப்பின் நடுவிலேயே நிற்கும், இரு பக்க ஸ்போக்கும் ஏறத்தாழ ஒரே இழுவிசையில் இருக்கும். கியர் சக்கரத்தைவிட உறுதி. ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் உள்ள ஃபிளிப்-ஃபிளாப் ஹப் வாங்கினால் பழகும் நாட்களுக்கு வசதி. (டூர் டி பிரான்ஸில் டீரெயிலரை (ஓடும்போதே செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 1937-ல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுத்தான் கியர் மாற்றினார்கள்.)

பல்சக்கரம் மாட்டுவதில் அவசரம் கூடாது. மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் ஏறாவிட்டால் நிறுத்துங்கள், மரை குறுக்காகப் பிடிக்கிறது என்று அர்த்தம். பிறகு செயின் விப்பால் (துண்டுச் செயின் கோத்த, பல்சக்கரம் திருகும் கருவி) முழுப் பலத்தோடு இறுக்குங்கள். அதன் மேல் லாக்ரிங்கை, அதற்கான கொக்கி ஸ்பேனரால், இடப்புறமாகத் திருப்பி இறுக்குங்கள். சுத்தியும் உளியும் வைத்துத் தட்டி இறுக்கினால் லாக்ரிங்கின் வெட்டுகள் சிதைந்துபோகும், இறுகியதா என்றும் தெரியாது. சக்கரத்தை மாட்டி ஒரு ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏறுங்கள். கால் பலத்தில் பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் லாக்ரிங்குக்கு முன்னால் நூலிழை இடைவெளி விழும். திரும்பி வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். அதன் பிறகுதான் பின்னுக்கு அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். அலுமினிய ஹப்பின் மரை அழிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாம் இறுக்கலை விட்டுவிடுவதுதான். பல்சக்கரம் முன்னும் பின்னும் மயிரிழை ஆடி ஆடி மரையைச் சீவிவிடும். லாக்ரிங் வாங்கும்போது அளவையும் பாருங்கள். 1.29 அங்குலம் பரவலான அளவு. பழைய கம்பக்னோலோ (இத்தாலிய நிறுவனம்) வழி ஹப்களுக்கு 1.32. பெரியதை வாங்கிச் சின்ன மரையில் மாட்டினால் இறுகுவதுபோல் இறுகி வழுக்கும்.

செயின் நேராக ஓடுகிறதா என்பது அடுத்த கவலை. முன்னால் சீட் டியூபின் (சீட்டைத் தாங்கும் ஃப்ரேம் குழாய்) மையத்திலிருந்து செயின்வீல் (முன் பல்சக்கரம்) பல்லின் மையம் வரை அளக்க வேண்டும். டியூபின் பரப்பிலிருந்து அளந்து பாதி விட்டத்தைக் கூட்டினால் வந்துவிடும். பழைய இரும்பு ஃப்ரேம்களில் சீட் டியூப் பெரும்பாலும் 28.6 மி.மீ., ஆகவே 14.3 கூட்டுங்கள். பின்னால், ஹப் அகலத்தில் பாதியை எடுத்து, அதிலிருந்து காடியின் உள்முகத்துக்கும் பல்லின் மையத்துக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். 120-ல் பாதி 60, தூரம் 18 என்றால் 42. டிராக் ஹப்பில் அநேகமாக இந்த 42-தான் வரும். உங்கள் பழைய கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் கை) செயின்வீலை உள் இடத்தில் மாட்டினால் முன்னாலும் 42-ஐ ஒட்டி வர வாய்ப்பு அதிகம். இரண்டு செயின்வீலுக்கான போல்ட் இப்போது நீளமாக இருக்கும், ஒற்றைச் செயின்வீலுக்கான குட்டை போல்ட் வாங்க வேண்டும். முன்பின் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி, 2 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் சத்தம் வரும். செயின் கழன்று விழும் வாய்ப்பும் கூடும். ஃபிக்ஸியில் செயின் கழன்று பல்லுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். கியர் சைக்கிளில் கை அழுக்காவதோடு போய்விடும் விஷயம் இங்கே விழுந்து எழுவதில் முடியலாம்.

செயின் அகலம் இரண்டு வகை: 3/32 அங்குலம், 1/8 அங்குலம். 1/8 செயின் 3/32 பல்லில் ஓடும். மறுதலை ஓடாது. பழைய செயின்வீலை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அது 3/32. பின்னாலும் அதே அளவு எடுத்தால் சத்தம் குறைவு. 1/8-தான் பலசாலி என்று பலர் சொல்வது பாதி உண்மை, தேய்மானம் கொஞ்சம் தாமதமாகும் அவ்வளவுதான்.

விறைப்பு வைப்பதில் ஒரு நுணுக்கம். செயின்வீல்கள் பெரும்பாலும் துல்லியமான வட்டத்தில் சுற்றாது. ஒரு இடத்தில் செயின் இறுகும், ஒரு இடத்தில் தளரும். அதனால் செயின்வீல் போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாகச் சுற்றி அதிகம் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே செயினின் நடுவில் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். செயின்வீல் தானே மையத்துக்கு நகரும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, போல்ட்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மிக இறுக்கமான இடத்திலும் செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் மொத்தம் ஒரு செ.மீ. போல ஆடுமாறு விட்டு நட்டை இறுக்குங்கள். கிதார் தந்திபோல் இழுத்து வைத்தால் பேரிங் கெடும், மிதிக்கும்போது கரகரக்கும். பின் நட்டுக்கு வழக்கமாக 15 மி.மீ. ஸ்பேனர். 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 18 கிலோ அளவுக்கு அழுத்தினால் அது வரும். சுழலும் வாஷர் சேர்ந்த டிராக் நட்டு நல்லது. தனி வாஷர் என்றால் இறுக்கும்போது அச்சையும் இழுத்துக்கொண்டு போகும், வைத்த விறைப்பு மாறிவிடும்.

இனி 48/16. ஓட்ட முடியாத கியர் இல்லை, ஆனால் சாலைக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். விகிதம் சரியாக 3. 700 சி (ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரத்தில் 25 மி.மீ. டயரோடு ஒரு பெடல் சுற்றுக்கு 6.3 மீட்டர், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 34 கி.மீ. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஒருவருக்கு இது கனம். நிறுத்தும்போது பின்னுக்கு அழுத்தவும் அதே கனம்தான். 46/17 என்றால் விகிதம் 2.7, ஒரு சுற்றுக்கு 5.68 மீட்டர், 90 சுற்றில் மணிக்கு 30.7 கி.மீ. மேடு இருக்கும் ஊரென்றால் 44/17-க்கு இறங்குங்கள், விகிதம் 2.59. கியரைக் குறைத்தால் இறக்கத்தில் கால் பறக்கும் என்பதும் உண்மைதான்: 46/17-ல் மணிக்கு 50 கி.மீ. போனால் நிமிடத்துக்கு 147 சுற்று. பழகாத காலுக்கு அது கட்டுக்குள் நிற்காது. அதனால்தான் இறக்கத்தில் வேகத்தைக் கையால் பிடிக்க பிரேக் வேண்டும்.

48/16-க்கு இன்னொரு குறை உண்டு, டயர் கடைசியில் கிழிந்த பிறகே பலருக்குத் தெரியவரும். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துபவர்கள் எப்போதும் ஒரே கால் முன்னாலிருக்க, கிராங்கைக் கிடையாக வைத்துத்தான் பூட்டுவார்கள். 48-ஐயும் 16-ஐயும் சுருக்கினால் 3/1. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் சக்கரம் மிகச் சரியாக மூன்று சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு சறுக்கலும் டயரின் ஒரே இடத்தைத் தேய்க்கும். சுருக்கிய பின்னத்தில் கீழே வரும் எண்தான் தேயும் இடங்களின் எண்ணிக்கை: 46/16 சுருங்கி 23/8 ஆகும், 8 இடம், 46/17 சுருங்காது, 17 இடம். இரு காலையும் மாற்றி மாற்றி முன்வைத்துச் சறுக்குபவருக்கு, மேலே உள்ள எண் ஒற்றைப்படையாக இருந்தால் இடங்கள் இரட்டிப்பாகும், 47/17-க்கு 34. பின் பல்லை 17 போன்ற பகா எண்ணாக எடுப்பது இதற்காகத்தான்.

பிரேக் இல்லாமல் ஓட்டலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம் என்பதே. இது பயந்தவர் பேச்சு இல்லை, கணக்கு. வேகம் குறையும்போது உடல் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும். பின்சக்கரம் லேசாகிச் சாலையைப் பிடிக்காது. அதனால் பின்சக்கரம் மட்டும் தரும் நிறுத்தும் திறன், நல்ல முன் பிரேக் தருவதில் ஏறத்தாழப் பாதி. மணிக்கு 30 கி.மீ.யில் முன் பிரேக்கோடு 7 மீட்டரில் நிற்கும் சைக்கிள், பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் 14 மீட்டராவது ஓடும். செயின் அறுந்தால் அதுவும் இல்லை. வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தடம்) பிரேக் இல்லாததற்குக் காரணம், அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், யாரும் சட்டென்று நிற்க முடியக் கூடாது என்பது. சாலையில் எதிரே கார் கதவு திறக்கும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு: பிரிட்டனின் 1983 விதிப்படி ஃபிக்ஸட் சக்கரத்தோடு முன் பிரேக் கட்டாயம், ஜப்பானில் முன்னும் பின்னும் இரண்டுமே வேண்டும். உங்கள் சைக்கிளில் முன் பிரேக் ஏற்கெனவே இருக்கும். அதைக் கழற்றாதீர்கள், கட்டையையும் கேபிளையும் புதிதாக மாற்றுங்கள். உங்கள் பழைய சக்கரம் 27 அங்குலமாக இருந்தால் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ.; 700 சி-க்கு 622. ரிம் 4 மி.மீ. உள்ளே போகும், பிரேக் கட்டை அவ்வளவு கீழே இறங்குமா என்று சக்கரம் வாங்கும் முன்பே பாருங்கள். இறங்காவிட்டால் 47–57 மி.மீ. எட்டும் காலிப்பர் (ரிம்மைக் கவ்வும் பிரேக் பாகம்) தேவைப்படலாம்.

பெடலில் காலைக் கட்டும் பட்டை அலங்காரம் இல்லை. இறக்கத்தில் கால் நழுவினால் பெடல் நிற்காமல் சுற்றிக் கெண்டைக்காலை அடிக்கும், பின்பக்க நிறுத்தமும் அத்தோடு போச்சு. ஷூ முனையைப் பிடிக்கும் டோ கிளிப்போ, அகலப் பட்டையோ, ஷூவின் அடியைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ்ஸோ, ஏதாவது ஒன்று இருக்கட்டும். ரோடு ஃப்ரேமில் பாட்டம் பிராக்கெட் டிராக் ஃப்ரேமைவிட 10, 15 மி.மீ. தாழ்வாக இருக்கும். வளைவில் மிதிப்பதை நிறுத்த முடியாது என்பதால் உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கலாம். 170 கிராங்குக்குப் பதில் 165 போட்டால் 5 மி.மீ. கிடைக்கும், ஒல்லியான பெடல் இன்னும் கொஞ்சம் தரும். மிச்சத்துக்கு, வளைவில் சைக்கிளைச் சாய்க்காமல் உடம்பைச் சாய்க்கப் பழக வேண்டும்.

புதிதாக வாங்குவதென்றால், கடையில் வண்ண ரிம்மைப் பார்க்கும் முன் ஹப்பைப் பாருங்கள். இரண்டு படி மரை இருக்கிறதா, லாக்ரிங் மாட்டியிருக்கிறதா, முன் ஃபோர்க்கில் பிரேக் ஓட்டை இருக்கிறதா, 28 மி.மீ. டயர் நுழையுமா. பெடலைக் கிடையாக வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் ஷூ முனை முன்சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள். செங்குத்தான டிராக் ஃப்ரேம்களில் உரசும், மெதுவாகத் திரும்பும்போது அது ஆளைச் சாய்க்கும். பிரேக் பிடிக்கும் பரப்பிலும் பெயின்ட் அடித்த ஆழமான ரிம், மழையில் பிரேக்கை வழுக்க விடும். ஜப்பானில் 1948-ல் தொடங்கிய கெய்ரின் தடப் பந்தயத்துக்கான என்.ஜே.எஸ். தரச்சான்று முத்திரை பதித்த ஃப்ரேம்கள் பழைய சந்தையில் வரும். வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் அவை பிரேக்கில்லாத பந்தயத்துக்குச் செய்தவை, பிரேக் ஓட்டையும் டயருக்கு இடமும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மலிவான ரெடிமேட் ஃபிக்ஸியில் முதலில் மாற்ற வேண்டியவை பின் பல்சக்கரம், லாக்ரிங், செயின், பெடல். ஹேண்டில்பாரை இரண்டு சாண் அகலத்துக்கு வெட்டுவது பார்வைக்கு மட்டும்தான்; எழுந்து நின்று மிதிக்கவும் பின்னுக்கு அழுத்தவும் கை பிடிமானம் குறைந்துவிடும்.

முட்டி விஷயத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: கியர் பெரிதாக ஆக ஒவ்வொரு மிதிக்கும் நிறுத்தத்துக்கும் முட்டி தாங்கும் விசை கூடும். 46/17-ம் முன் பிரேக்கும் அந்தச் சுமையில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதற்கு மேல், உங்கள் முட்டிக்கு வலி வருமா வராதா என்பது சைக்கிள்காரர் சொல்லக்கூடியது அல்ல. ஏற்கெனவே வலி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பெடலைச் சுற்றிக்கொண்டே துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் ஃபிக்ஸியில் விரலைக் கொண்டுபோய்விடும். துணி பல்லில் சிக்கினால் கியர் சைக்கிளில் கையை எடுத்தால் நிற்கும். இங்கே சுழலும் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயினை இழுக்கும். சக்கரம் நின்ற பிறகு, ஒரு சாண் துடைத்து, நகர்த்தி, மறுபடி துடையுங்கள். செயின் தேய்மானத்தையும் அப்போதே அளக்கலாம்: புதுச் செயினில் ஊசியின் மையத்திலிருந்து 24 கண்ணி எண்ணினால் 304.8 மி.மீ.; 306.4 ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

உங்கள் ஃப்ரேமைக் கையில் எடுத்துப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதவை உண்டு. செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, பாட்டம் பிராக்கெட் மரை துருப்பிடித்து அரித்திருக்கிறதா என்பதை ஒரு மெக்கானிக் நேரில் பார்க்க வேண்டும். அவை நன்றாக இருந்து, காடி கிடைமட்டமாகவும் பின் அகலம் 120 அல்லது 126 ஆகவும் இருந்தால் மாற்றுவதே என் வாக்கு: புதிய பின்சக்கரம், பல்சக்கரம், லாக்ரிங், செயின், குட்டை போல்ட், பெடல் பட்டை என்று செலவு அடங்கிவிடும். காடி நேராகக் கீழே திறந்திருந்தால் அந்த சைக்கிளைக் கியரோடே ஓட்டுங்கள், ஃபிக்ஸியைத் தனியாக வாங்குங்கள். காடியின் படமும், இரண்டு காடிகளுக்கு நடுவில் உள்ள அகலமும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவும் இங்கே போட்டால், எந்த ஹப், எந்த பிரேக் பொருந்தும் என்று சொல்கிறேன்.